நாடு கடந்த மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு ஓர் இணையக் குழு: தொடங்குவது முதல் கைமாற்றுவது வரை

க்ரூப் ஆரம்பிப்பது ஒரு நிமிட வேலை. பேர் வைத்து, படம் போட்டு, லிங்க்கை நாலு பேருக்கு அனுப்பினால் ஆயிற்று. அப்புறம் மூன்றாவது வாரம் எட்டிப் பார்த்தால் ரோஜாப்பூவுடன் காலை வணக்கமும், ‘அவசரம், உடனே பகிரவும்’ ஃபார்வர்டுகளும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். காது கேளாத நண்பர் வாய்ஸ் நோட்டுகளைத் தாண்டித் தாண்டிச் சலித்துப்போய் மியூட் செய்திருப்பார். பார்வையற்ற தங்கை, வருகிற பத்தில் எட்டு படமாகவே இருக்கிறதே என்று சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறியிருப்பார். பெயரளவில் 200 உறுப்பினர்கள், பேசுவது ஆறு பேர்.

பல நாடுகளில் இருக்கும் மாற்றுத்திறனாளி இளைஞர்களை இணைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஆப்பிலிருந்து தொடங்குகிறார்கள். என் வரிசை வேறு. எதற்காக, யாருடன், எப்படிப் பேசுவது, இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் எந்த ஆப் என்ற கேள்வி. கீழே உள்ள உதாரணங்கள் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா என்று பரந்திருக்கும் தமிழ் இளைஞர்களை மனதில் வைத்து எழுதியவை. வேறு மொழியில் நடத்துபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள்

‘மாற்றுத்திறனாளி இளைஞர்களை ஒன்றிணைக்க’ என்று எழுதினால் அது நோக்கம் ஆகாது, பேனரில் போடுகிற வாசகம். ‘கல்லூரித் தேர்வும் முதல் வேலையும் பற்றிப் பேச’ என்பது நோக்கம். ‘கண் பார்வை இல்லாமல் விளையாடக்கூடிய கேம்களை ஆட’ என்பதும் நோக்கம்தான்.

இதுவரை நிலைத்த குழுக்களைப் பார்த்தால் இது விளங்கும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கான ‘ராங் பிளானட்’ தளத்தை 2004-ல் அலெக்ஸ் பிளாங்க் தொடங்கியபோது அவரே ஆட்டிசம் உள்ள பதின்ம வயதுப் பையன். தன்னைப் போன்றவர்களோடு பேச வேண்டும், அவ்வளவுதான் தேவை. விண்டோஸ் கணினிக்கான இலவச ஸ்கிரீன் ரீடரான (திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள்) என்விடிஏ, 2006-ல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் எழுத ஆரம்பித்தது. சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் பழக்கமான ஜேம்ஸ் டே பிறகு சேர்ந்துகொண்டார். இன்று 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் அது இருக்கிறது என்றால், ஒவ்வொரு நாட்டிலும் தன்னார்வலர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்ததால்தான். ஒரு மென்பொருளைச் சுற்றி உலகம் முழுக்க ஒரு சமூகம் தானாகவே உருவாகிவிட்டது.

உடல்நிலை பற்றிப் பேசாத குழுவும் இதே வேலையைச் செய்யும். நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞருக்கு டூஷேன் தசைச்சிதைவு நோய். 2014-ல் 25 வயதில் இறந்தார். பிள்ளை தனிமையிலேயே வாழ்ந்து போய்விட்டான் என்று பெற்றோர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மரணச் செய்தியை அவருடைய வலைப்பூவில் பதிந்தபோது, ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் அவரோடு ஒரே அணியில் இருந்தவர்களிடமிருந்து மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக வந்தது. இறுதிச் சடங்குக்கு வேறு நாடுகளிலிருந்தே சிலர் வந்து நின்றார்கள். அந்த அணிக்கும் மாற்றுத்திறனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆகவே உங்கள் குழுவின் நோக்கம் சினிமா, செஸ், கோடிங் என்று எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். உறுப்பினர்கள் எல்லோரும் மாற்றுத்திறனாளிகள் என்பதற்காக நாள் முழுக்க அதையே பேசவேண்டும் என்று கட்டாயமில்லை.

இரண்டாம் படி: லிங்க்குக்கு முன்னால் ஐந்து பேர்

நீங்கள் உட்பட ஐந்து பேர் போதும். மூன்று நிபந்தனைகள். குறைந்தது இரண்டு நாடுகள். குறைந்தது மூன்று விதமான தேவைகள், அதாவது பார்க்க முடியாதவர், கேட்க முடியாதவர், கையால் டைப் செய்யச் சிரமப்படுபவர் என்று ஆளுக்கொரு திசை. மூன்றாவது, ஐவரும் மாற்றுத்திறனாளிகளாக இருப்பது. பெற்றோர், சிறப்பாசிரியர், தொண்டு நிறுவனத்து அண்ணன்மார் எல்லாம் உதவட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அட்மினாக உட்கார்ந்த குழுக்களில் பிள்ளைகள் ‘சரி சார்’, ‘நன்றி மேடம்’ தாண்டிப் பேசிப் பார்த்ததில்லை. அம்மா படிக்கிற இடத்தில் யார் காதலைப் பற்றிக் கேட்பார்கள்? பெற்றோருக்கு அவர்களுக்கென்று தனியாக ஒரு குழு வைத்துக் கொடுங்கள். அது அங்கே நன்றாகவே ஓடும்.

இந்த ஐவரும் ஒரு மாதம் தங்களுக்குள் மட்டும் பேசிப் பார்க்கட்டும். அடுத்த படியில் வரும் சிக்கல்கள் எல்லாம் இந்த மாதத்திலேயே தலைகாட்டிவிடும்.

மூன்றாம் படி: எப்படிப் பேசுவது

இந்த இடத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் உடைகின்றன. எல்லோரும் மாற்றுத்திறனாளிகள், அதனால் ஒருவர் தேவை இன்னொருவருக்குப் புரியும் என்று நினைப்பது தவறு. ஒருவருக்கு வழியாக இருப்பது இன்னொருவருக்குச் சுவராக இருக்கும். பெருமூளை வாதம் உள்ள தம்பிக்கு ஒரு வரி டைப் செய்ய நான்கு நிமிடம் ஆகும். வாய்ஸ் நோட் அவருக்கு வரப்பிரசாதம். காது கேளாத அக்காவுக்கு அதே வாய்ஸ் நோட் வெறும் நீலக் கோடு. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குப் படம் போட்டுச் சொன்னால் சட்டென்று புரியும். ஆண்ட்ராய்டு போனின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக் வைத்திருப்பவருக்கு அதே படம் ‘புகைப்படம்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

தடை போடுவது தீர்வல்ல. ‘வாய்ஸ் நோட் கூடாது’ என்றால் அந்தத் தம்பி போய்விடுவார். எது அனுப்பினாலும் கூட ஒரு வரி, இதுதான் விதி. வாய்ஸ் நோட்டுக்குக் கீழே அதன் சாரம் ஒரு வரியில். படத்துக்குக் கீழே படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி. வீடியோவுக்கும் அப்படியே. அனுப்பியவரால் எழுத முடியாவிட்டால், அதை முதலில் கேட்டவரோ பார்த்தவரோ எழுதிவிட வேண்டும். எங்கள் பக்கத்துக் குழு ஒன்றில் இதற்குப் பெயரே ‘வரி போடுறது’. ‘யாராச்சும் வரி போடுங்கப்பா’ என்று ஒருவர் கேட்டால் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் ஆப் தமிழையும் எழுத்தாக்கித் தரும். இன்னொரு போனில் வாய்ஸ் நோட்டை ஓடவிட்டு அதில் பிடித்து, பிழை திருத்தி ஒட்டலாம். திருத்தாமல் ஒட்டாதீர்கள், அர்த்தம் தலைகீழாகப் போன கதைகள் உண்டு.

ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர்களுக்காக இன்னும் சில பழக்கங்கள் வேண்டும். ஒரு நகைச்சுவைக்குப் பத்து சிரிப்பு எமோஜி போட்டால், ‘ஆனந்தக் கண்ணீருடன் முகம்’ என்கிற மாதிரி ஒரு விளக்கத்தைப் போன் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒன்று போதும், அதுவும் வரியின் கடைசியில். அறிவிப்பை ஸ்கேன் எடுத்துப் போட்ட பிடிஎஃப் அவர்களுக்கு வெற்றுத் தாள். முக்கியமான நான்கு வரியையாவது டைப் செய்து கூடவே போடுங்கள்.

தமிழுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்னும் சுற்றுகின்றன, இலங்கையிலிருந்து வருபவற்றில் கூடுதலாகவே. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும்தான் கிடக்கிறது. ஸ்கிரீன் ரீடர் அதை எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்று உளறும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. மாற்றிவிட்டுப் பகிருங்கள்.

காது கேளாதோர் விஷயத்தில் இரண்டை மறக்கக் கூடாது. எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சிறுவயதிலிருந்து சைகையில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. சிறு வாக்கியம், நேரான சொல், சுற்றி வளைக்காத கேள்வி என்று எழுதினால் உரையாடல் நடக்கும். அடுத்தது, சைகை மொழி நாட்டுக்கு நாடு வேறு. இந்திய சைகை மொழி, இலங்கையின் சைகை மொழி, மலேசியாவின் பாஹாசா இஷாரத், சிங்கப்பூர் சைகை மொழி எல்லாம் தனித்தனி. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் வீட்டில் ஒரே தமிழ் பேசப்பட்டாலும், அங்கே வளர்ந்த காது கேளாத இருவர் வீடியோவில் சந்தித்தால் முதல் அரை மணி நேரம் ஒருவர் கையை ஒருவர் கற்றுக்கொள்வதிலேயே போகும். போகட்டும். பார்க்க அவ்வளவு கலகலப்பாக இருக்கும், அதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்கலாம்.

நான்காம் படி: இப்போது ஆப்

வாட்ஸ்அப் எல்லோரிடமும் இருக்கிறது, அதனால் எல்லோரும் அங்கேயே ஓடுவார்கள். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த மறுநொடி உங்கள் போன் எண் அத்தனை பேருக்கும் தெரியும். முன்பின் தெரியாத நாட்டுக்காரர்கள் நூறு பேருக்கு ஓர் இளம்பெண் தன் எண்ணைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அட்மின்கள், குறிப்பாக ஆண் அட்மின்கள், யோசிப்பதே இல்லை. டெலிகிராமில் செட்டிங்ஸில் போய் எண்ணை யாருக்கும் காட்டாமல் வைக்கலாம். சிக்னலிலும் 2024 முதல் எண்ணைத் தராமல் பயனர் பெயரில் தொடர்பு கொள்ள முடிகிறது. என் கருத்து: ஐவர் குழு வாட்ஸ்அப்பில் இருக்கட்டும், பெரிய குழு எண் தெரியாத இடத்தில் இருக்கட்டும்.

டிஸ்கார்டு கேம் விளையாடுபவர்களுக்குச் சௌகரியம். ஆனால் இருபது சேனல் திறந்து வைத்தால் ஸ்கிரீன் ரீடரில் துழாவுபவருக்கும், கவனம் சிதறும் தன்மை உள்ளவருக்கும் தலை சுற்றும். இரண்டு, மூன்று சேனலோடு நிறுத்துங்கள். பழைய காலத்து மின்னஞ்சல் குழுவையும் ஏளனமாகப் பார்க்க வேண்டாம். டேட்டா குறைவு, ஸ்கிரீன் ரீடருக்கு இதமானது, மெதுவாக டைப் செய்பவருக்கு அவசரம் இல்லை, பழைய பதில்களைத் தேடி எடுக்கலாம்.

எதைத் தேர்ந்தாலும், ஐவரும் தங்கள் போனில், தங்கள் வழக்கமான உதவிக் கருவியோடு, சேருவது முதல் பதில் போடுவது வரை ஒரு முறை செய்து பார்க்க வேண்டும். கட்டங்கட்டமாகப் படத்தைக் காட்டி ‘பேருந்து உள்ள கட்டங்களைத் தொடவும்’ என்று கேட்கும் சேர்க்கைப் பக்கத்தில் பார்வையற்றவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

ஐந்தாம் படி: யாரை உள்ளே விடுவது

புதிதாக நடத்துபவர்களுக்கு நான் சொல்வது, 18 முதல் 30 வயது வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவரைக் குழந்தை என்கிறது. அவர்கள் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் தேவை. பிரிட்டனில் இணையச் சேவைகளுக்கு 13 வயதிலேயே சொந்தமாகச் சம்மதம் தரலாம். நாட்டுக்கு ஒரு கணக்கு இருக்கும்போது இருப்பதில் உயர்ந்த வயதான 18-ஐப் பிடிப்பதுதான் தலைவலி இல்லாதது. பள்ளிப் பிள்ளைகளும் வேண்டும் என்றால் தனிக் குழு, பெற்றோர் சம்மதம், பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தனிச் செய்தி அனுப்பக் கூடாது என்ற விதி, எப்போதும் இரண்டு அட்மின், இவ்வளவும் வேண்டும். அரைகுறையாகச் செய்வதைவிட அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

மாற்றுத்திறனாளி என்பதற்கான அடையாளச் சான்றிதழ் கேட்காதீர்கள். சான்றிதழுக்கு அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்தவர்கள்தான் நம்மிடம் வருகிறார்கள், இங்கேயும் ஒரு மெடிக்கல் போர்டு வேண்டாம். தவிரவும், சான்றிதழ் கிடைக்காத குறைபாடுகள் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, எல்லா நாட்டிலும் அதே பட்டியல் இல்லை. சான்றிதழ் வேண்டாம், ஏற்கெனவே உள்ள உறுப்பினர் ஒருவர் பத்து நிமிடம் பேசட்டும். குரலோ, எழுத்தோ, வீடியோவோ, வருபவர் விருப்பம். எப்படிக் கேள்விப்பட்டீர்கள், இங்கே என்ன எதிர்பார்க்கிறீர்கள், உங்களோடு பேச நாங்கள் என்ன கவனிக்க வேண்டும், இந்த மூன்று கேள்வி போதும்.

இந்தப் பத்து நிமிடத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது. கால் இழந்தவர்கள், காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்டவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் மீது ஒருவகைப் பாலியல் ஈர்ப்போடு இப்படிப்பட்ட குழுக்களைத் தேடி நுழைபவர்கள் உண்டு. தங்களையும் மாற்றுத்திறனாளி என்றே சொல்லிக்கொள்வார்கள். தேர்வு, வேலை, சினிமா எதிலும் பேச்சு ஓடாது. சுற்றிச் சுற்றி உடம்பிலேயே வந்து நிற்கும். ‘காலிப்பர் எப்படிப் போடுவீங்க, ஒரு போட்டோ அனுப்புங்களேன்’ என்று தனிச் செய்தி வந்தால் உடனே அட்மினிடம் சொல்ல வேண்டும் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்துவிடுவதுதான் வழக்கம், அதனால் முதலிலேயே சொல்வது நல்லது.

படம் எடுத்து வெளியே போடுவதற்கும் கறாரான விதி வேண்டும். ‘இந்த நிலையிலும் எப்படிச் சிரிக்கிறார் பாருங்கள்’ என்று அடுத்தவர் முகத்தைப் போட்டு லைக் வாங்குகிற கூட்டத்தை ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஸ்டெல்லா யங் 2014-ல் சிட்னி மேடையில் சக்கர நாற்காலியில் அமர்ந்து கிழித்துத் தோரணம் கட்டினார். நம் ஊரில் அது இன்னும் ஜோராகத்தான் நடக்கிறது. குழுவில் வந்த எதுவும், ஸ்கிரீன்ஷாட் உட்பட, சம்பந்தப்பட்டவர் சொல்லாமல் வெளியே போகக் கூடாது.

ஆறாம் படி: நேரலைக் கூட்டம்

மாதம் ஒன்று போதும். நேரம்தான் முதல் பிரச்சினை. இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரம். சனிக்கிழமை இரவு 7 மணி என்று வைத்தால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 9.30, லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 1.30, டொரன்டோவில் காலை 8.30. கோடையில் லண்டன் 2.30, டொரன்டோ 9.30. கவனிக்க வேண்டியது, கனடாவும் பிரிட்டனும் கடிகாரத்தை ஒரே நாளில் மாற்றுவதில்லை. மார்ச்சில் சில வாரங்களும் அக்டோபர், நவம்பர் வாக்கில் ஒரு வாரமும் எல்லாம் குழம்பும். அழைப்பில் ஒவ்வொரு ஊர் நேரத்தையும் தனித்தனி வரியாக எழுதிவிடுங்கள். காலையில் குளித்து உடுத்த உதவியாளருக்காகக் காத்திருப்பவருக்கு 8.30 என்பது விடியற்காலை மாதிரி. அவருக்காக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நேரத்தைத் திருப்பிப் போடலாம்.

ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரம். ஒரு மணி நேர வீடியோவுக்கு டேட்டா சுமார் ஒரு ஜிபியைத் தொட்டுவிடும், எனவே வீடியோவை அணைத்துவிட்டு வருவதைக் குறையாகப் பேசாதீர்கள்.

பேசுவதற்கு முன் பெயரும் ஊரும் சொல்ல வேண்டும், ஒவ்வொரு தடவையும். முகம் தெரியாதவருக்கும் கேப்ஷன் படிப்பவருக்கும் அதுதான் அடையாளம். சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தால் இரண்டு பேர் வேண்டும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள. முகத்தில் வெளிச்சம் முன்னாலிருந்து விழ வேண்டும், கை இடுப்பு வரை தெரிய வேண்டும்.

அனுபவம் இல்லாதவர்கள் தவறவிடும் ஒன்று சாட் பெட்டி. பேச முடியாதவர்கள் அதில்தான் பேசுவார்கள். ஆனால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது சாட்டில் செய்தி விழுந்தால், ஸ்கிரீன் ரீடர் அதைப் பார்வையற்றவர் காதில் உடனே வாசிக்கும். காதில் இரண்டு குரல், ஒன்றும் விளங்காது. ஜூமின் அணுகல்தன்மை செட்டிங்ஸில் ஸ்கிரீன் ரீடர் அறிவிப்புகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் சாட் அறிவிப்பை நிறுத்திவிடலாம். நிறுத்திவிட்டால் சாட்டில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாதே? அதற்குத்தான் ஒருவரைச் சாட் வாசிப்பவராக நியமிப்பது. ஒருவர் பேசி முடித்ததும் அவர், ‘சாட்ல கிள்ளான் தம்பி கேக்குறாரு’ என்று சத்தமாக வாசிப்பார். டைப் செய்துகொண்டிருப்பவர் இருக்கிறாரா என்று கேட்டு, இருந்தால் காத்திருப்பதும் அவர் வேலை. அந்த மௌனத்தை நிரப்ப யாராவது ஜோக் சொல்லத் துடிப்பார்கள். விடாதீர்கள்.

ஏழாம் படி: எதைப் பேசினால் நாடு கடந்து பிரயோஜனம்

அறிமுகம், பாட்டு, பிறந்தநாள் எல்லாம் முடிந்த பிறகு குழுவைத் தாங்கி நிறுத்துவது ஒப்பீடுதான். ஒரு நாட்டில் சாதாரணமாகக் கிடைப்பது இன்னொரு நாட்டில் கேட்டுப் பெற வேண்டியதாக இருக்கும். இப்படி நடக்கும்:

“அக்கா, நான் திருச்சி. மூணு மணி நேர பரீட்சைக்கு அரை மணி நேரம்தான் எக்ஸ்ட்ரா தருவோம்கிறாங்க.”

“நான் மதுரை. மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையக் கூடாதும்மா. 2018-ல மத்திய அரசு போட்ட வழிகாட்டு நெறியிலயே இருக்கு. கணக்குப் பார்த்தா உனக்கு முழுசா ஒரு மணி நேரம்.”

“லண்டன். இங்க வழக்கமா 25 சதவீதம் தருவாங்க. உங்களுக்கு அதைவிட அதிகம் போலயே.”

“நான் யாழ்ப்பாணம். அந்தக் கடிதத்தின்ட பிரதி ஒண்டு அனுப்புவீங்களோ அக்கா? எங்கட இடத்தில கேக்கேக்க காட்டலாம்.”

அடுத்த நாட்டுச் சுற்றறிக்கையைக் காட்டி உரிமை கேட்க முடியாது. ஆனால் இப்படி ஒன்று நடைமுறையில் சாத்தியம்தான் என்று காட்ட முடியும். எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோலும் இருக்கிறது. 2006 டிசம்பரில் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையை இந்தியா 2007-லும், மலேசியா 2010-லும், சிங்கப்பூர் 2013-லும், இலங்கை 2016-லும் ஏற்புறுதி செய்திருக்கின்றன. கல்விக்கு 24-ஆம் பிரிவு, வேலைக்கு 27-ஆம் பிரிவு. மாதம் ஒரு பிரிவை எடுத்துக்கொண்டு ‘உங்க ஊர்ல இது எப்படி’ என்று கேட்டாலே ஒரு கூட்டத்துக்கான விஷயம் கிடைத்துவிடும்.

புத்தகப் பகிர்வைப் பற்றி ஒரு வார்த்தை. பார்வையற்றோர் குழுக்களில் ஸ்கேன் செய்த புத்தகங்கள் தாராளமாகச் சுற்றும். கேட்டால், பார்வையற்றோர் படிக்கும் வடிவில் புத்தகம் ஆக்கப் பதிப்புரிமையில் விலக்கு தரும் மரகேஷ் ஒப்பந்தம் இருக்கிறதே என்பார்கள். 2013-ல் உருவாகி 2016-ல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. சிங்கப்பூர், இலங்கை, மலேசியா, கனடா, பிரிட்டன் எல்லாமே அதில் உண்டு. ஆனால் எல்லை தாண்டி அனுப்புவதற்கு அது வகுத்த வழி அங்கீகரிக்கப்பட்ட நூலகங்கள், அமைப்புகள் வழியாகத்தான். க்ரூப்பில் கோப்பை வீசுவது அதில் வராது. இந்தியாவில் 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா மாதிரியான இணைய நூலகங்களில் உறுப்பினராகச் சேர ஒருவருக்கொருவர் உதவுங்கள். படிவம் நிரப்புவதுதான் பலருக்குத் தடை.

எட்டாம் படி: சண்டை, பணம், நள்ளிரவுச் செய்தி

சண்டை வரும். அரசியல், சாதி, எந்த நாட்டுத் தமிழ் ஒசத்தி, யாருடைய குறைபாடு பெரிது. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் புண்படுத்தும். அட்மின் நடுவராக வேண்டாம். இருவரையும் ஒரு நாள் பதிவிடாமல் நிறுத்தி, தனித்தனியாகப் பேசுங்கள்.

பணம் கேட்கும் செய்திகளுக்கு ஒரே விதி: குழுவில் பணம் திரட்டுவதில்லை. உண்மையான கஷ்டம் இருப்பவரைக் கைவிடுவதாகத் தோன்றும், தெரிகிறது. ஆனால் ஒருமுறை திறந்தால் மோசடிக்காரர்கள் மோப்பம் பிடித்து வருவார்கள். சட்டச் சிக்கலும் இருக்கிறது. இந்தியாவில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010 இருக்கிறது. சமூகப் பணிக்கென்று வெளிநாட்டவரிடம் நன்கொடை வாங்க மத்திய அரசின் பதிவோ அனுமதியோ வேண்டும். ‘நம்ம அண்ணன்தானே கனடாவிலிருந்து போடுறார்’ என்று அட்மின் தன் சொந்தக் கணக்கில் வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது. ஏமாந்துவிட்டால் இந்தியாவில் சைபர் குற்ற உதவி எண் 1930, உடனே அழைக்க வேண்டும்.

அப்புறம் நள்ளிரவில் வரும் ‘இனி வாழ்ந்து என்ன’ என்ற செய்தி. இது வராத இளைஞர் குழு கிடையாது. நீங்கள் மனநல ஆலோசகர் அல்ல, ஆனாலும் அந்த நேரத்தில் விழித்திருப்பவர் நீங்களாக இருக்கலாம். நாடு கடந்த குழுவில் உள்ள ஒரு வசதி, இங்கே தூங்கும்போது டொரன்டோவில் ஒருவர் விழித்திருப்பார். பார்த்தவர் தனியாகப் பதில் போட்டு, ‘உயிரை விடணும்னு தோணுதா’ என்று நேராகவே கேட்க வேண்டும், கேட்பதால் எண்ணம் கூடிவிடாது. தத்துவம் பேசாமல், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அந்த நாட்டு மனநல உதவி எண்ணைத் தர வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, கனடாவில் 988. மலேசியாவில் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. குழு விவரக் குறிப்பின் முதல் வரிகளில் இவை இருக்கட்டும். பேச முடியாதவருக்கும் கேட்காதவருக்கும் போன் எண் உதவாது என்பதால், சேரும்போதே அவசரத்துக்கு நம்பக்கூடிய ஒருவரின் பெயரை விருப்பம் இருந்தால் வாங்கி, இரு அட்மின்களிடம் மட்டும் வைத்திருங்கள். சில நாடுகளின் சேவைகளில் குறுஞ்செய்தி வழியும் உண்டு, குழுவில் உள்ள அந்தந்த நாட்டுக்காரர் அதைப் பார்த்து எழுதிவைக்கட்டும்.

ஒன்பதாம் படி: கைமாற்றுவது

ஆப்பிள் கருவிகளைப் பயன்படுத்தும் பார்வையற்றோருக்கான ‘ஆப்பிள்விஸ்’ 2010-ல் தொடங்கியது. உலகம் முழுக்க எத்தனையோ பேர் எந்த ஆப் வேலை செய்யும், எது செய்யாது என்று அங்கே பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். 2024 ஜூலையில், நடத்திவந்த டேவிட் குட்வின், இதை மூடப்போகிறேன் என்று அறிவித்தார். பல்லாண்டு காலப் பாரம் ஓரிருவர் தோளில் சேர்ந்துவிட்டிருந்தது. நல்லவேளையாக டென்மார்க்கில் பிறந்த ‘பி மை ஐஸ்’ நிறுவனம் எடுத்துக்கொண்டு தொடர்கிறது. நம் சின்னக் குழுவை எடுத்துக்கொள்ள ஒரு நிறுவனமும் வராது.

ஆகவே ஐவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை இறங்கி, புதியவர் ஏற வேண்டும். உடல்நிலை காரணமாகத் திடீரென்று மூன்று மாதம் காணாமல்போவது நம் அட்மின்களுக்குச் சகஜம். அதனால் எந்தப் பாஸ்வேர்டும் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. கைமாற்றும் குறிப்பில் கணக்குகள், மாதக் கூட்ட நேரம், வெளியேற்றப்பட்டவர்கள் யார், ஏன் என்ற மூன்றும் இருந்தால் போதும். கடைசி விவரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆள் வேறு பெயரில் வந்து, விஷயம் தெரியாத புது அட்மினிடம் இனிக்க இனிக்கப் பேசிச் சேர்ந்துவிடுவார்.

மூடித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். யார் யாரோடு தொடர்பில் இருக்க விரும்புகிறார்களோ எண்களை மாற்றிக்கொள்ளட்டும். பயனுள்ள பதில்களை, பெயர் நீக்கி, ஒரே ஒருங்குறிக் கோப்பாகத் தொகுத்துக் கொடுங்கள். சேர்க்கையின்போது வாங்கிய பெயர், வயது, குறைபாடு, அவசரத் தொடர்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று குழுவிலேயே எழுதிவிட்டு வெளியேறுங்கள்.